அமெரிக்காவில் போலீஸ் உங்களைத் தட்டிப் பார்த்தால்: புதிதாக வந்தவர்களுக்கு

நம் ஊரில் போலீஸ்காரர் கை காட்டி வண்டியை நிறுத்தினால் நமக்கென்று ஒரு பழக்கம் இருக்கிறது. ஓரங்கட்டுவோம், இறங்குவோம், பாக்கெட்டில் கையை விட்டு லைசென்ஸைத் துழாவிக்கொண்டே "சார்..." என்று அவரை நோக்கி நடப்போம். உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினால்தான் அங்கே திமிர் என்று பெயர். அமெரிக்காவில் இதையே செய்தால் எதிரில் இருப்பவரின் கை துப்பாக்கிப் பக்கம் போகும்.

நான் அதைத்தான் செய்தேன். வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. காரின் பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்று நிறுத்தினார்கள். கதவைத் திறந்து இறங்கி, குளிர்கோட்டின் உள்ளே கையை விட்டபடி பின்னால் நடந்தேன். "ஹேண்ட்ஸ்!" என்று ஒரு சத்தம். அடுத்த நிமிடம் கார் மேல் இரண்டு கையையும் ஊன்றி நிற்கிறேன். ஒருவர் அக்குள், இடுப்பு, கால் என்று மேலிருந்து கீழே தட்டிக்கொண்டு வருகிறார். கோட்டுப் பையில் ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டது. அம்மா மடித்துக் கொடுத்த திருநீற்றுப் பொட்டலம். "எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். நம் ஊர் ஆட்டல், ஆமாவுக்கும் இல்லைக்கும் நடுவில். அவர் அதை ஆமா என்று எடுத்துக்கொண்டார். வெள்ளைப் பொடி, காகித மடிப்பு, ராத்திரி பத்து மணி. அது சாணத்தைச் சுட்ட சாம்பல், நெற்றியில் பூசுவது என்று புரியவைக்க முக்கால் மணி நேரம் ஆனது.

பிறகு உட்கார்ந்து படித்தபோதுதான் தெரிந்தது: அவர் என்னைத் தட்டிப் பார்த்ததில் பெரிய தவறு இல்லை. பொட்டலத்தை எடுக்கத்தான் சட்டம் அவருக்கு இடம் தரவில்லை. அந்த இடத்தை என் தலையாட்டல் தந்தது. நான் வக்கீல் இல்லை. என்னைப் போல வந்து இறங்கியவர்களுக்காக, நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

போலீஸ்காரர் உங்களிடம் பேசுவதில் மூன்று நிலைகள் உண்டு. ஒன்று, வெறும் பேச்சு. "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்கிறார், பதில் சொல்லாமல் நடந்து போகலாம். இரண்டு, தற்காலிகமாக நிறுத்திவைப்பது. போக முடியாது, ஆனால் கைதும் இல்லை. மூன்று, கைது. ஒவ்வொரு நிலையிலும் உங்கள் உடம்பின் மேல் அவர் கை எவ்வளவு தூரம் வரலாம் என்பது மாறும். வெறும் பேச்சில் வரவே கூடாது. இரண்டாவதில் ஆயுதம் இருக்கிறதா என்று மேலோட்டமாகத் தட்டிப் பார்க்கலாம், அதுவும் காரணம் இருந்தால். மூன்றாவதில் முழுச் சோதனை.

எந்த நிலை என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கேட்டுவிட வேண்டியதுதான்: "ஆம் ஐ ஃப்ரீ டு கோ?" போகலாம் என்றால் அமைதியாகப் போய்விடுங்கள். ஓடாதீர்கள். 2000ல் வார்ட்லோ வழக்கில், குற்றம் அதிகம் நடக்கும் பகுதியில் போலீஸைப் பார்த்ததும் காரணமில்லாமல் ஓடுவது சந்தேகத்துக்கு இடம் தரும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கையில் விலங்கு மாட்டிவிட்டார்கள் என்பதாலேயே கைது என்றும் நினைக்க வேண்டாம். நிறுத்திவைக்கும்போதும் சில சமயம் மாட்டுவார்கள். "ஆம் ஐ அண்டர் அரெஸ்ட்?" என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

படி 2: இந்த விதி எங்கிருந்து வந்தது

சட்டப் பாடம் வேண்டாம், நேராக விஷயத்துக்கு வா என்பவர்கள் இதைத் தாண்டலாம். ஆனால் இந்தக் கதை தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும் என்பது என் அனுபவம்.

1963 அக்டோபர் 31, ஒஹையோ மாநிலம் கிளீவ்லாந்து. மார்ட்டின் மெக்ஃபேடன் என்ற மஃப்டி துப்பறிவாளர், கடைகளில் திருடுபவர்களையும் ஜேப்படிக்காரர்களையும் பிடிப்பதிலேயே முப்பது வருடம் அந்த வட்டாரத்தைச் சுற்றியவர். இரண்டு பேர் மாறி மாறி ஒரு கடைக் கண்ணாடி வரைக்கும் நடந்து போய், உள்ளே எட்டிப் பார்த்துத் திரும்புவதைக் கவனித்தார். ஒருவருக்கு ஐந்தாறு தடவை. மொத்தம் ஏறக்குறைய ஒரு டஜன். கொள்ளைக்கு நோட்டம் விடுகிறார்கள் என்று அவருக்குப் பட்டது. மூன்றாவது ஆளோடு அவர்கள் சேர்ந்து நின்ற இடத்துக்குப் போய்ப் பெயர் கேட்டார். ஏதோ முணுமுணுத்தார்கள். உடனே டெர்ரி என்பவரைத் திருப்பி நிறுத்திக் கோட்டின் வெளிப்பக்கத்தைத் தட்டினார். துப்பாக்கி. இரண்டாமவரிடமும் ஒன்று இருந்தது. மூன்றாமவரையும் தட்டினார், எதுவும் தட்டுப்படவில்லை, அதனால் அவர் உடைக்குள் கையை விடவே இல்லை.

அந்த மூன்றாவது ஆள்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறார். 1968 ஜூன் 10ல் 'டெர்ரி எதிர் ஒஹையோ' தீர்ப்பு எட்டுக்கு ஒன்று என்று வந்தபோது, தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் இந்த அடக்கத்தைச் சுட்டிக்காட்டித்தான் மெக்ஃபேடன் செய்தது சரி என்றார். கைது செய்யும் அளவுக்கு ஆதாரம் இல்லாதபோதும், வாரன்ட் இல்லாமல், ஒருவரை நிறுத்தித் தட்டிப் பார்க்கலாம். ஆனால் அது போலீஸ்காரரின் உயிர்ப் பாதுகாப்புக்காக, ஆயுதத்துக்காக மட்டும். அதே நாளில் வெளியான இன்னொரு தீர்ப்பு, சிப்ரன் வழக்கு. அங்கே காவலர் தட்டிப் பார்க்காமலே நேராக ஒருவரின் பையில் கையை விட்டு ஹெராயினை எடுத்தார். செல்லாது என்றது நீதிமன்றம். வெளியே தட்டுவதா, உள்ளே விடுவதா என்ற கோடு அன்றே போடப்பட்டுவிட்டது.

படி 3: தட்டுவதற்குக் காரணம் இருக்கிறதா?

இங்கே இரண்டு தனித்தனிக் கேள்விகள். நிறுத்துவதற்குக் காரணம் இருந்ததா என்பது ஒன்று. நிறுத்திய ஆளிடம் ஆயுதம் இருக்கலாம், ஆபத்து வரலாம் என்று நினைக்கக் காரணம் இருந்ததா என்பது இன்னொன்று. முதலாவது இருந்தால் இரண்டாவதும் வந்துவிடாது. பின்விளக்கு எரியாதது நிறுத்தக் காரணம். தட்டிப் பார்க்க அது மட்டும் போதாது. ராத்திரி வேளையில் கோட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு நான் அவரை நோக்கி நடந்தேனே, அது இரண்டாவது காரணத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தது போல.

வெறும் உள்ளுணர்வு போதாது. "எனக்கு என்னமோ பட்டது" என்று சொல்ல முடியாது; எதைப் பார்த்தேன், ஏன் அப்படி நினைத்தேன் என்று காவலர் பிறகு நீதிமன்றத்தில் விவரமாகச் சொல்ல வேண்டும். மதுக்கடையைச் சோதிக்க வாரன்ட்டோடு வந்த போலீஸ், உள்ளே இருந்த வாடிக்கையாளர்கள் எல்லோரையும் தட்டிப் பார்த்தது 1979ல் யபாரா வழக்கில் செல்லாமல் போனது. அந்த இடத்தில் இருந்தார் என்பது காரணம் ஆகாது. பேர் சொல்லாத ஒருவர் போன் செய்து "பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பையனிடம் துப்பாக்கி இருக்கிறது" என்றதை மட்டும் நம்பித் தட்டியதும், துப்பாக்கியே கிடைத்தும்கூட, 2000ல் தள்ளுபடி ஆனது.

ஏட்டில் இப்படி. தெருவில் எப்படி என்பதற்கு நியூயார்க் நகரம் உதாரணம். 2004 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை அங்கே போலீஸ் நிறுத்தியது 44 லட்சம் முறை. அதில் பாதிக்குச் சற்று மேல் தட்டிப் பார்த்தார்கள். ஆயுதம் கிடைத்தது நூறு தடவைக்கு ஒன்றரை. நிறுத்தப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் லத்தீன் இனத்தவரும். 2013ல் கூட்டாட்சி நீதிமன்றம், அந்த நகரம் இதை நடத்திய விதம் அரசமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் தெருவிலேயே வாதாடாதீர்கள் என்று பின்னால் சொல்லப் போகிறேன்; காரணம் இதுதான்.

படி 4: கை எதுவரை போகலாம்

உடையின் வெளிப்பக்கத்தை உள்ளங்கையால் தட்டலாம், அழுத்தலாம். அக்குள், இடுப்புப் பட்டை, காலின் உட்புறம், கணுக்கால் என்று ஆயுதம் மறைக்கக்கூடிய இடங்கள் எல்லாம் இதில் சேரும். கூச்சமாகத்தான் இருக்கும். கெட்டியாக, கத்தி போலவோ துப்பாக்கி போலவோ ஏதாவது தட்டுப்பட்டால் அதை வெளியே எடுக்கலாம். அவ்வளவுதான். பர்ஸைத் திறந்து பார்ப்பது, போனை நோண்டுவது, சட்டைப் பையில் மெத்தென்று இருப்பதைத் தோண்டி எடுப்பது, இதெல்லாம் தட்டிப் பார்ப்பதில் வராது.

இதில் ஒரு விதிவிலக்கு, அதற்கும் ஒரு எல்லை. தட்டும்போது கையில் பட்ட உடனேயே "இது போதைப்பொருள்" என்று சந்தேகமே இல்லாமல் தெரிந்தால் எடுக்கலாம். இதை ஏற்றுக்கொண்டது 1993ன் டிக்கர்சன் வழக்கு. ஆனால் அதே வழக்கில் மினியாபொலிஸ் காவலர் தோற்றார். ஆயுதம் இல்லை என்று தெரிந்த பிறகும் பைக்குள் இருந்த சின்ன உருண்டையை அழுத்தி, நகர்த்தி, உருட்டிப் பார்த்துத்தான் அது கொக்கேய்ன் என்று கண்டுபிடித்தார். ஆயுதம் இல்லை என்று தெரிந்ததும் கை நின்றிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். இதைப் படித்தபோது எனக்கு என் திருநீற்றுப் பொட்டலம்தான் ஞாபகம் வந்தது.

"பாக்கெட்டில் இருப்பதை எல்லாம் எடுத்துக் கார் மேல் வை" என்று சொன்னால்? அது கேள்வியா உத்தரவா என்று கேளுங்கள். உத்தரவு என்றால் செய்யுங்கள், மெதுவாக. ஆனால் சம்மதித்துச் செய்யவில்லை என்று வாயால் சொல்லிவிடுங்கள். எப்படிச் சொல்வது என்பது ஆறாவது படியில்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் கைதான பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது (முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 51ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 49). அமெரிக்காவில் தெருவில் தட்டிப் பார்ப்பதற்கு அப்படி நாடு முழுமைக்கும் பொதுவான விதி கிடையாது. பல காவல் துறைகள் முடிந்தவரை பெண் காவலரை வரவழைக்க வேண்டும் என்று உள்விதி வைத்திருக்கின்றன. அதனால் கேளுங்கள்: "கேன் அ ஃபீமேல் ஆபீசர் டூ திஸ், ப்ளீஸ்?" வராவிட்டால் தடுக்காதீர்கள், கேட்டது கேமராவில் பதிவாகும். இடுப்பில் சுருக்குப்பை செருகியிருக்கும் அம்மாக்கள் அதைத் தாங்களே எடுத்துக் காட்டப் போகக் கூடாது. வாயால் சொன்னால் போதும்.

படி 5: காரில் இருந்தால்

சீட்டைவிட்டு எழாதீர்கள். என்ஜினை அணையுங்கள், ராத்திரி என்றால் உள்விளக்கைப் போடுங்கள், இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வையுங்கள். லைசென்ஸ் கேட்டால், "பர்ஸ் பின்பாக்கெட்டில் இருக்கிறது, எடுக்கட்டுமா?" என்று சொல்லிவிட்டு எடுங்கள்.

இறங்கச் சொன்னால் இறங்க வேண்டும். 1977ல் மிம்ஸ் வழக்கு ஓட்டுநருக்கும், 1997ல் வில்சன் வழக்கு கூட வருபவர்களுக்கும் இதைச் சொல்லிவிட்டன. தனிக் காரணம் எதுவும் காட்டத் தேவையில்லை. ஆனால் இறக்குவது வேறு, தட்டுவது வேறு. தட்டுவதற்கு மறுபடியும் அந்த ஆயுதச் சந்தேகம் வேண்டும், கூட வந்தவர் விஷயத்திலும் அப்படியே (2009, ஜான்சன் வழக்கு). மிம்ஸின் கோட்டுக்கு உள்ளே ஒரு புடைப்பு தெரிந்தது, அது காரணமானது. பாக்கெட்டில் பவர் பேங்க்கைத் திணித்துக்கொண்டு திரிபவர்கள் கவனிக்க.

ஆபத்து உண்டு என்று நினைக்கக் காரணம் இருந்தால், கை எட்டும் தூரத்தில் காருக்குள்ளும் ஆயுதம் தேடலாம். இதைச் சொன்னது 1983ன் லாங் வழக்கு. அங்கே கார் தரையில் வேட்டைக் கத்தி கிடந்தது. நம் ஆட்கள் கோயிலில் தேங்காய் உடைக்க என்று பின்சீட்டில் அரிவாளைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். டிக்கியில் வையுங்கள்.

அபராதச் சீட்டு மட்டும் எழுதுகிறார் என்றால் அதைக் காரணமாக வைத்துக் காரை முழுதாகச் சோதிக்க முடியாது (1998, நோல்ஸ் வழக்கு). சீட்டு எழுதி முடித்த பிறகு, தனிச் சந்தேகம் இல்லாமல் மோப்ப நாய் வரும்வரை காக்க வைக்கவும் முடியாது (2015, ரோட்ரிகஸ் வழக்கு).

படி 6: சம்மதம், அதாவது நாமே கதவைத் திறந்துவிடும் இடம்

மேலே சொன்ன எல்லை அத்தனையும் ஒரே சொல்லில் காணாமல் போகும். "ஓகே." நீங்கள் சம்மதித்தால் காவலருக்குச் சந்தேகமும் வேண்டாம், காரணமும் வேண்டாம். மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு என்று அவர் எடுத்துச் சொல்ல வேண்டியதும் இல்லை. 1973ல் ஷ்னெக்லாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் முடிவு செய்தது.

கேள்வி மிகவும் சாதாரணமாக வரும். "ஒரு பார்வை பார்த்துக்கொள்ளட்டுமா? உங்களுக்கு ஆட்சேபம் இல்லையே?" பெரியவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிப் பழகாதவர்கள் நாம். "மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை, பார்க்கட்டுமே" என்று நினைப்போம். மடியில் என்ன இருக்கிறது என்று நமக்கே முழுதாகத் தெரியாது என்பதுதான் சிக்கல். போன வாரம் காரை இரவல் வாங்கிய ரூம்மேட் சீட்டுக்கடியில் என்ன விட்டுப் போனான்? கஞ்சா பல மாநிலங்களில் சட்டப்படி கடையில் விற்கிறது. ஆனால் கூட்டாட்சிச் சட்டத்தில் இன்னும் குற்றம். குடியுரிமை இல்லாத நமக்கு விசா விஷயத்தில் எண்ணப்படுவது கூட்டாட்சிச் சட்டம்.

சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றுதான். வீட்டில் கண்ணாடி முன் நின்று சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள், சிரிப்பு வந்தாலும் பரவாயில்லை: "ஆபீசர், ஐ டோன்ட் கன்சென்ட் டு எனி சர்ச்சஸ்." குரலை உயர்த்த வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். தலையை மட்டும் ஆட்டாதீர்கள். தலையாட்டலையும் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாம், அதிலும் நம் ஆட்டலை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மறுத்ததை மட்டும் வைத்து உங்கள் மேல் சந்தேகம் கொள்ள முடியாது என்று 1991ல் பாஸ்டிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நியூஜெர்சியில் இருப்பவர்களுக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. வண்டியை நிறுத்தும்போது சம்மதம் கேட்பதற்கே நியாயமான சந்தேகம் வேண்டும் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2002ல் தீர்ப்பளித்தது. இப்படி மாநிலங்கள் கூடுதலாகக் கொடுக்கலாம், குறைக்க முடியாது.

நீங்கள் மறுத்த பிறகும் தட்டுகிறார், பையில் கையை விடுகிறார் என்றால் தடுக்காதீர்கள். கையைத் தட்டிவிடுவது, விலகுவது, திமிறுவது எல்லாம் தனிக் குற்றமாகிவிடும். அதே வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லிவிட்டுச் சும்மா நில்லுங்கள். அது அவருக்காக அல்ல, அவர் நெஞ்சில் மாட்டியிருக்கும் கேமராவுக்காக.

படி 7: பெயரும் காகிதமும்

நிறுத்திவைத்தால் பெயர் சொல்லியாக வேண்டும் என்று பல மாநிலங்களில் சட்டம் இருக்கிறது. அது செல்லும் என்றது 2004ன் ஹீபல் வழக்கு. பெயரைச் சொல்லிவிடுங்கள். பொய்ப் பெயர் எங்குமே கூடாது. மற்ற கேள்விகளுக்கு "ஐ விஷ் டு ரிமெய்ன் சைலன்ட்" என்று சொல்லலாம். வாயைத் திறந்து சொல்ல வேண்டும், வெறுமனே வாயடைத்து நிற்பது போதாது. 18 வயது நிரம்பிய வெளிநாட்டவர் பதிவு ஆவணத்தை, அதாவது ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு) அல்லது கிரீன் கார்டை, எப்போதும் கூட வைத்திருக்க வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. நம்மில் பாதிப் பேர் அதை பீரோவில் பூட்டி வைத்திருக்கிறோம். ஒரு நகலாவது பர்ஸில் இருக்கட்டும்.

விமான நிலையத்திலும் எல்லையிலும் இந்தக் கட்டுரை உதவாது. அங்கே விதிகள் வேறு.

படி 8: கைது ஆகிவிட்டால்

இங்கே மேலோட்டமாகத் தட்டுவது என்ற பேச்சே இல்லை. கைது முறையானது என்றால் உங்கள் உடம்பையும் பைகளையும் முழுதாகச் சோதிக்கலாம் (1973, ராபின்சன் வழக்கு). சீட் பெல்ட் போடாதது போன்ற சில்லறை விஷயத்துக்கும் கைது செய்யலாம் என்று 2001ல் அட்வாட்டர் வழக்கு சொன்னது. சிறையில் பொதுப் பகுதிக்கு அனுப்பும் முன் ஆடை களைந்து பார்ப்பதையும் 2012ல் அனுமதித்துவிட்டார்கள். ஐந்துக்கு நான்கு தீர்ப்பு அது. எனக்கு ஒப்பவில்லை, ஆனால் சட்டம் அதுதான்.

ஒன்று மட்டும் தப்பியது: போன். 2014 ரைலி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, கைதானவரின் செல்போனுக்குள் பார்க்கப் பொதுவாக வாரன்ட் வேண்டும் என்றார்கள். பாஸ்கோடு கேட்டால் தர வேண்டாம். "ஐ வான்ட் அ லாயர்" என்று சொல்லிவிட்டு அதோடு நிறுத்துங்கள். இந்தியக் குடிமகன் என்றால் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்கலாம். கேட்டால் தெரிவிக்க வேண்டியது அவர்கள் கடமை. குற்ற வழக்கை நடத்தும் வக்கீலிடம் உங்கள் விசா என்ன என்பதை முதல் பேச்சிலேயே சொல்லுங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடுகடத்தல் வருமா என்று எடுத்துச் சொல்வது அவர் பொறுப்பு என 2010ல் பாடில்லா வழக்கில் தீர்ப்பு இருக்கிறது.

படி 9: வீட்டுக்கு வந்ததும்

அன்றே எழுதி வையுங்கள், தமிழிலேயே எழுதலாம். எத்தனை மணி, எந்த இடம், பேட்ஜ் எண், ரோந்துக் கார் எண், அவர் கேட்ட வார்த்தைகள், நீங்கள் சொன்ன வார்த்தைகள், கை எங்கெல்லாம் போனது. காயம் இருந்தால் படம். புகார் எழுதும் முன்பு வக்கீலிடம் பேசுங்கள், முக்கியமாக உங்கள் மேல் வழக்கு ஏதாவது இருந்தால். முறைகேடாக எடுத்த பொருளைப் பெரும்பாலும் ஆதாரமாகப் பயன்படுத்த முடியாது என்பது 1961ன் மேப் வழக்கிலிருந்து வரும் விதி. அதை வாதாட வேண்டிய இடம் நீதிமன்றம். கேமராப் பதிவைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். சில இடங்களில் பதிவைக் கொஞ்ச நாளில் அழித்துவிடுவார்கள், அதனால் தள்ளிப் போடாதீர்கள்.

கடைசியாக, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால்

2015ல் அலபாமாவில், மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு இந்தியப் பெரியவர் காலை நடைக்குப் போனார். அக்கம்பக்கத்தில் ஒருவர் போலீஸுக்குப் போன் செய்துவிட்டார். பெரியவருக்கு ஆங்கிலம் தெரியாது. தட்டிப் பார்க்கும்போது காவலர் அவரைத் தரையில் வீழ்த்தியதில் முதுகுத்தண்டு அடிபட்டு, நடமாட்டம் முடங்கியது. 2020ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தக் காவலர் சட்டப் பாதுகாப்பைக் காட்டித் தப்ப முடியாது என்று சொன்னது. அந்தப் பெரியவர் செய்த தப்பு என்று எதுவுமே இல்லை.

அதனால் வந்து இறங்கிய வாரமே அவர்களோடு உட்கார்ந்து ஒருமுறை நடித்துப் பாருங்கள். நீங்கள் போலீஸ், அப்பா நடைக்குப் போகிறவர். நிற்க வேண்டும், கையை விரித்துக் காட்ட வேண்டும், திரும்பி நடக்கக் கூடாது, "நோ இங்கிலீஷ், தமிழ்" என்று சொல்ல வேண்டும். பெயர், மகன் அல்லது மகள் வீட்டு முகவரி, போன் எண், 'ஆங்கிலம் தெரியாது, தமிழ் பேசுவேன்' என்று ஆங்கிலத்தில் ஒரு அட்டை எழுதிக் கொடுங்கள். அதைச் சட்டைப் பையில் வைத்தால் எடுக்கக் கை உள்ளே போகும். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள்.